நிலுக்ஷி சொன்ன வீடு

கமராவைக் கையில் எடுப்பதற்கு முன் பிரியந்தி பிள்ளைகளின் மூக்குகளைத் துடைத்தாள். பாசத்தினால் அல்ல. ஒழுகும் மூக்கு படத்தில் பளபளத்துத் தெரியும் என்பதை அவள் அனுபவத்தில் கற்றிருந்தாள். ஒரே துணியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எல்லா முகங்களிலும் அழுத்தித் தேய்த்துவிட்டு, பிறகு வழக்கம்போலப் பிள்ளைகளைப் பிரித்தாள். சட்டை வெளுப்பாக இருப்பவர்கள் முன் வரிசை வாங்கில். எண்ணெய் வைத்துச் சீவியிருப்பவர்கள் அதற்குப் பின்னால். பொத்தான் அறுந்தவர்கள், காலில் சிரங்கு உள்ளவர்கள், எதைக் கேட்டாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பவர்கள் எல்லாம் சுவரோரம். சுவரோரத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் இடம் தெரிந்திருந்தது. புதன்கிழமை கமராப் பையை மேசைமேல் வைத்ததுமே அவர்களாக எழுந்து அங்கே போய்விடுவார்கள்.

கொட்டகலைக் கடைவீதியிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலைத் தொழிற்சாலைக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் நடுவே இருந்தது அந்த முன்பள்ளி. பழைய பிள்ளைக் காம்பராவைப் பலகையால் இரண்டாகத் தடுத்து ஒரு பாதியை முன்பள்ளி ஆக்கியிருந்தார்கள். மறு பாதியில் இன்னும் கைக்குழந்தைகள் ஏணையில் கிடந்து அழுதன. அந்தத் தோட்டத்திலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதித் தேறிய முதல் பெண் பிரியந்தி. ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போகவே இதற்கு வந்தாள். அவளுடைய அம்மா மீனம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா அழகன் தொழிற்சாலையில் இரவுக் காவல். நடு லயத்தில் ஒரு காம்பராவில்தான் மூன்று பேரும் இருந்தார்கள். ஆனால் பிரியந்தி அங்கே இருப்பவளைப்போல நடந்துகொள்வதில்லை. காலையில் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, வாசல் இஸ்தோப்புத் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பவர்களை இடமும் வலமும் பார்க்காமல், வெற்றிலை எச்சிலையும் கோழி எச்சத்தையும் தாண்டி நடப்பாள். அவளைத் தூக்கி வளர்த்த பெண்கள்கூட அவளை டீச்சர் என்றார்கள். அவள் பீலிக்கரைக்குத் தண்ணீருக்குப் போனால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனத்தின் அட்டன் அலுவலகத்திலிருந்து வெள்ளை வேனில் குகநேசன் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது, குளிருக்குக் கழுத்தைச் சுற்றி மப்ளர். அவர் கொண்டுவந்த திட்டத்தின் பெயர் ‘வீடும் வகுப்பும்’. தோட்டத்துத் தாய்மார் விடிந்ததும் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறார்கள், மாலைக் கொழுந்து நிறுவை முடிந்துதான் வீடு திரும்புகிறார்கள், பிள்ளை என்ன படிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் லயத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் படம் பார்க்கத் தொலைக்காட்சியும் டிஸ்க் போடும் பெட்டியும் இருக்கின்றன. ஆகவே வாரத்தில் ஒரு நாள் வகுப்பை டிஜிட்டல் கமராவில் எடுத்து, டிஸ்க்கில் பதிந்து வீடுகளுக்கு அனுப்பினால் தாய் தன் பிள்ளையின் கல்வியில் பங்கெடுப்பாள். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது குகநேசன் இரண்டு கைகளையும் நீட்டி விரல்களைக் கோத்து, “இது ஒரு பாலம்” என்றார்.

தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை எழுந்தார். “பாலம் நல்லதுங்க சார். அதோட சேத்து புள்ளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும். இப்ப கானோரமா குந்துதுங்க.”

“அது எங்கட திட்டத்துக்குள்ள வராது ஐயா” என்றார் குகநேசன். சோலைமலை வந்த விருந்தாளியிடம் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று பிரியந்திக்கு மானம் போனது. வேன் புறப்படும்போது அவள் ஓடிப்போய், “இவங்க அப்பிடித்தான் சார், எத எங்க பேசணும்னு தெரியாது” என்று மன்னிப்புக் கேட்டாள். அவர் சிரித்தார். “எனக்கு விளங்கும் பிரியந்தி. நீங்கள் வித்தியாசமான ஆள்.” அந்த வசனத்தை அவள் பல நாள் மனதுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

வாரத்துக்கு ஒரு டிஸ்க்தான் வந்ததால் வெள்ளிக்கிழமை மாலைகளில் அது சோலைமலை வீட்டில் ஓடியது. முதல் வாரம் வாசலுக்கு வெளியேயும் கூட்டம் நின்றது. கொழுந்துக் கறை போகாத விரல்களுடன், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் வந்து குந்தினார்கள். பிள்ளைகள் நிறங்களின் பெயர் சொன்னதையோ பத்து வரை எண்ணியதையோ யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை எப்போது வரும் என்று மட்டும் பார்த்தாள். வந்ததும், “இந்தா, இந்தா” என்று கத்தினாள். போனதும் அடுத்தவளோடு கதை பேசத் தொடங்கினாள். ஒருத்தி எழுந்துபோய்த் திரையில் தன் மகனின் கன்னத்தைத் தடவினாள். வாசலில் நின்ற பிரியந்திக்கு அருவருப்பாக இருந்தது. இதற்கா இவ்வளவு பாடு? இவர்களுக்குக் கல்வியும் ஒன்றுதான், கரகாட்டமும் ஒன்றுதான்.

“டீச்சர், எம்புள்ளைக்கு கை மட்டுந்தான் தெரியுது” என்றாள் ஒரு தாய். மூன்றாவது வாரத்திலிருந்து புதன்கிழமைகளில் பிள்ளைகள் திருவிழாவுக்குப் போவதுபோல வந்தார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கவுன், முகத்தில் அப்பிய பவுடர். வியாழக்கிழமை மறுபடியும் பழைய சட்டை. குகநேசன் இதைப் பார்த்துப் பூரித்துப்போய், தாய்மாரிடம் மனமாற்றம் ஏற்பட்டிருப்பதாக மேலிடத்துக்கு எழுதினார். பிரியந்தி அதைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தப் பவுடர் முகங்கள் கமராவுக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. வருட முடிவில் அட்டன் அலுவலகத்தில் பயிற்றுநர் வேலை ஒன்று காலியாகப் போவதாகக் குகநேசன் சொல்லியிருந்தார்.

ஐப்பசி மாதம் அவர் மடிக்கணினியோடு நேரில் வந்து வகுப்பில் உட்கார்ந்தார். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள், அவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், பாட்டும் எண்ணும் போதாது, பிள்ளையின் சொந்தக் குரல் வேண்டும் என்றார். அன்றைய பாடம் ‘என் வீடு’. முன் வாங்குப் பிள்ளைகள் பிரியந்தி பழக்கியிருந்தபடி எழுந்து, “எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி இருக்கிறோம். எங்கள் வீடு அழகானது” என்று ஒரே மாதிரி ஒப்புவித்தார்கள். குகநேசன் கொட்டாவி விட்டார். பிறகு சுவரோரம் கையைக் காட்டி, “அந்தப் பெரிய கண்ணுப் பிள்ளை ஆர்? அவவைக் கதைக்க விடுங்கோ” என்றார்.

அது நிலுக்ஷி. கடைசி லயத்துச் சண்முகவடிவின் மகள். அவளுடைய அப்பா செல்லசாமி கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். போன தீபாவளிக்கும் வரவில்லை, இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை. இதுவரை ஒரு படத்திலும் முழு முகமாக வந்திராத நிலுக்ஷி, கமரா தன்னைத்தான் பார்க்கிறது என்று உறுதியானதும் கவுனை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எங்க வீட்டுல நானு, அம்மா, அப்புறம் டோர்ச்சு தாத்தா. தாத்தா இருட்டுனதும் வருவாங்க. கதவ தட்ட மாட்டாங்க. சன்னல்ல டோர்ச்ச அடிப்பாங்க, அம்மா தொறப்பாங்க. எனக்கு சீனிப் பன்னு கொண்டாருவாங்க. குளுருதுன்னு சொன்னா என் கால மடியில வச்சு தேச்சு விடுவாங்க. நரிப் பாட்டு பாடுவாங்க. நான் தூங்குனதுக்கப்புறம் போயிருவாங்க.” அத்தோடு நிற்காமல், எதையோ நினைத்துக்கொண்டவளாக இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தி, விரல்களுக்கிடையால் சொன்னாள்: “அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க.”

கமராவின் சின்னத் திரையில் அந்த முகம் சிரித்தது. அந்தத் தோட்டத்தில் டோர்ச்சோடு இரவில் நடமாடும் வயதானவர் ஒருவர்தான். தொழிற்சாலை கொடுத்த நீளமான டோர்ச். அது பகல் முழுவதும் அவளுடைய வீட்டில், கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

“அருமை” என்றார் குகநேசன்.

பிள்ளைகளுக்குத் திரிபோஷச் சத்துமாவைப் பிசைந்து உருட்டிக் கொடுத்துவிட்டு வந்து, அவர் வெளியே வேனருகில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பிரியந்தி கமராவை எடுத்து அந்தப் படத்தைத் தேடி அழித்தாள். அழிந்ததும் உடம்பு லேசானது. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோதே குகநேசன் எல்லாவற்றையும் தன் கணினிக்கு மாற்றிவிட்டிருந்தார். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்று பொழுது சாயும்போது அழகன் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டதைப் பிரியந்தி முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தாள். ஒட்டிய கன்னம். தடித்த, வெடித்த விரல்கள். அவளோடு அவர் அதிகம் பேசுவதில்லை. பேசினால் பாதி விளையாட்டாக, பாதி பயமாக, டீச்சரம்மா என்பார். அந்தக் கைகள் அவளுடைய காலைத் தேய்த்துவிட்டதாக அவளுக்கு நினைவில்லை. அவர் பாட்டுப் பாடிக் கேட்டதும் இல்லை. மீனம்மா பிளாஸ்கில் தேத்தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, அவரிடம் நீட்டினாள். இந்த அப்பாவிப் பொம்பளைக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று பிரியந்தி நினைத்தாள். அம்மாமீது இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. ரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதில் அவளுக்குத் தன்மேல் ஒரு மதிப்பு உண்டானது.

கார்த்திகை மழை விட்ட ஒரு பிற்பகலில் தோட்டத்து மண்டபத்தில் விழா நடந்தது. சன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் தோட்டத்தை நடத்தும் தொரை, கொழும்பிலிருந்து வந்த மூன்று கனவான்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர்களுக்குப் பின்னால் தரையில் பாய்விரித்துத் தோட்டம் முழுவதும். சோலைமலை, கொழுந்துப் பெண்கள், பிள்ளைகள். உள்ளே வரும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் வண்ண உறையிட்ட டிஸ்க் ஒன்று அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. வருடம் முழுவதும் எடுத்ததைத் தொகுத்து, கீழே ஆங்கில எழுத்து ஓடும்படி குகநேசன் அலுவலகத்தில் உட்கார்ந்து தானே செய்த படம். பிள்ளைகள் பாடினார்கள், எண்ணினார்கள், வண்ணம் பூசினார்கள். கூட்டம் சிரித்தது, விசிலடித்தது. பிறகு திரை முழுவதும் நிலுக்ஷியின் முகம் வந்தது.

“எங்க வீட்டுல நானு, அம்மா, அப்புறம் டோர்ச்சு தாத்தா.”

பாயில் இருந்தவர்களின் சத்தம் அடங்கியது. ஒரு குழந்தை இருமியதுகூடத் தனியாகக் கேட்டது. சன்னல், சீனிப் பன், காலைத் தேய்த்தல், நரிப் பாட்டு. ‘போயிருவாங்க’ என்றதும் படம் அப்படியே நின்று மங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன கடைசி வசனம் இல்லை. அதற்குப் பதிலாக, என் தாத்தா என்னை நேசிக்கிறார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. முன்வரிசை கைதட்டியது. வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள். தொரையும் தட்டினார். பாயில் இருந்த ஒரு கையும் அசையவில்லை. நிலுக்ஷியின் கைகளைத் தவிர. அவள் தாயின் மடியில் எழுந்து நின்று, “நானு! அது நானு!” என்று குதித்தாள். சண்முகவடிவு எழுந்து, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மடங்கிய முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனாள். அவள் மகிழ்ச்சி தாங்காமல் போகிறாள் என்று நினைத்த வெள்ளைக்காரப் பெண், எட்டி நிலுக்ஷியின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

விழா முடிந்து வாசலில் நின்ற பிரியந்தியின் கையை ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். “நல்ல வேல செஞ்சீங்க டீச்சர். அவளுக்கு இப்பிடித்தான் குடுக்கணும்.” இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். “ஒங்கம்மா இத்தன வருசமா வாயத் தொறக்கல. நீங்களாச்சும் கேட்டீங்களே.”

“நான் காட்டல. நான் அத அழிச்சுட்டேன்” என்றாள் பிரியந்தி.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கமரா டீச்சரிடம், படம் எடுத்தது டீச்சர், பிறகு யார் காட்டினார்களாம்?

இத்தன வருசமா. தோட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. பீலிக்கரையில் பேச்சு ஏன் நின்றது என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது.

குகநேசன் வேனில் திரையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் வெற்றி வழிந்தது. “பிரியந்தி, தை மாசம் அட்டனுக்கு வரத் தயாரா இருங்கோ. அந்தப் பிள்ளையின்ர துண்டுதான் எல்லாரையும் விழுத்தினது. கொழும்பிலையும் போடப்போறம்.”

“கடைசி வசனத்த வெட்டுனது நீங்கதானே சார்?”

அவர் திரும்பிப் பார்த்தார். “ஓம். அது இருந்தாப் பிழையா விளங்கும்.”

“அப்போ உங்களுக்கு வெளங்கிச்சு.”

“பாருங்கோ” என்று குரலைத் தணித்தார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “இஞ்ச லயத்துக்குள்ள ஆருக்கு ஆரின்ர கதை தெரியாம இருக்கு? உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் புதுசே? வந்த ஆக்களுக்கு இது விளங்காது. பிறகென்ன?”

“அது எங்க அப்பா சார்.”

குகநேசனின் கை சற்று நின்றது. அவர் முகத்தில் வருத்தம் தெரியும் என்று அவள் எதிர்பார்த்தாள். தெரிந்தது வேறு. கூட்டத்தன்று சோலைமலை கக்கூஸ் கேட்டபோது அவர் முகத்தில் ஓடிய அதே பொறுமை. வித்தியாசமான ஆள் என்று அவர் சொன்னவள் அந்த நொடியோடு இல்லாமல் போனாள். “அப்பிடியே?” என்றார். “நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம்.” வேனின் கதவைச் சாத்தினார்.

வீட்டில் மீனம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஆணியில் டோர்ச் இல்லை. அழகன் விழாவின் நடுவிலேயே எழுந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த நாட்களிலும் அவர் வரவில்லை. அங்கேயே காவல் கூண்டில் படுத்துக்கொண்டார், சோற்றை ஆள் விட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு வீடுகளில் எந்த வீட்டுக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

“உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று விழா நடந்த அன்றிரவே கேட்டாள் பிரியந்தி.

“தெரியாம?”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

மீனம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். “கேட்டு? அவளும் நானும் ஒரே மலைக்கு கொழுந்துக்குப் போறோம். ஒரே பீலில தண்ணி புடிக்கிறோம். யாரும் வாயத் தொறந்து சொல்லாத வரைக்கும் அது இருந்துச்சு, நானும் இருந்தேன். இப்ப தொரை வரைக்கும் கைதட்டியாச்சு. இனிமே நான் அவ மயிரப் புடிச்சு இழுக்கணும். இழுக்கலேன்னா இந்த ஊரு என் மூஞ்சில துப்பும். நீ படிச்சவதானே, சொல்லு, என்ன செய்ய?”

“நான் அழிச்சேன்மா. சத்தியமா அழிச்சேன்.”

“நீ எதத்தான் அழிச்ச” என்றாள் மீனம்மா. கேள்வியாக அல்ல. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். “அதப் போடு.”

பிரியந்தி போட்டாள். மீனம்மா ஒரு முறை பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். திரையில் அந்தப் பிள்ளை பேசப் பேச, கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கும்போது கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “நரிப் பாட்டு பாடுவாராமா?” என்றாள் கடைசியில். “ஒனக்கு ஒரு நாளும் பாடுனதில்லையே.” அப்பாவின் துரோகம் பிரியந்தியை அப்போதுவரை அவமானப்படுத்தியிருந்ததே தவிர வலிக்கவில்லை. இப்போது ஐந்து வயதுப் பிள்ளைமேல் பொறாமைப்பட்டு அவள் அழுதாள்.

செல்லசாமியின் அண்ணன் மூக்கன், தம்பி மனைவியின் கதை இத்தனை வருடமும் தெரிந்தவன்தான். தெரிந்துகொண்டே அவள் வீட்டில் சோறு வாங்கித் தின்றவன். இப்போது அவனுக்குத் திடீரென்று குடும்ப மானம் வந்துவிட்டது. டிஸ்கைக் கொழும்புக்குப் போகும் ஒருவனிடம் கொடுத்தனுப்பினான். இரண்டு தீபாவளிக்கு வராத செல்லசாமிக்கும் மானம் வந்து, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் வலப்பனையில் இருக்கும் தன் தாயிடம் விடும்படி சொல்லியனுப்பினான். மூக்கன் அதைக் கடைசி லயத்து இஸ்தோப்பில் நின்று எல்லோரும் கேட்கக் கத்தினான்.

பிரியந்தி வீடு வீடாகப் போய் டிஸ்குகளைத் திருப்பிக் கேட்டாள். முன்னொருபோதும் அந்த வாசல்களில் அவள் நின்றதில்லை. “எம் பேத்தி பாடுறா டீச்சர், எப்பிடி குடுக்கறது?” என்றாள் சோலைமலையின் மனைவி. அந்தத் துண்டு இல்லாமல் வேறு டிஸ்க் செய்து தருவதாகப் பிரியந்தி சொன்னதை யாரும் நம்பவில்லை. கை மட்டும் தெரிகிறது என்று முன்பு முறையிட்ட தாய் டிஸ்கைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். “எம்புள்ள முழுசாத் தெரியறது இதுல மட்டுந்தான். உசிரே போனாலும் தரமாட்டேன்.” அந்தப் பிள்ளையைச் சுவரோரம் உட்கார வைத்தவள் யார் என்று அந்தத் தாய் கேட்கவில்லை. கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான்.

கடைசியாகச் சண்முகவடிவின் வீட்டுக்குப் போனாள். சண்முகவடிவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மெலிந்த, நிமிர்ந்த பெண். இஸ்தோப்பில் நின்று நிலுக்ஷியின் கவுனைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. பிரியந்தி சொல்லத் தொடங்கியதை முழுவதும் கேட்கவும் இல்லை.

“நீங்க காட்டுனீங்களோ, அந்த சார் காட்டுனாரோ, எனக்கு ஒண்ணுதான். வருசம் பூரா எம்புள்ளைய ஒரு நாளு முன் வாங்குல உக்கார வச்சீங்களா? பேசறதுக்கு மட்டும் எழுப்பி விட்டீங்க.” கவுனை உதறினாள். தண்ணீர் பிரியந்தியின் சேலையில் தெறித்தது. “ஒங்கப்பாவ பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த மனுசன் இருட்டுலதான் ஆம்பள. நாளைக்கு நான் மலைக்குப் போவணும். போவலேன்னா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க. புள்ளைய ஒங்ககிட்டதான் விடணும், வேற எங்க விட? மூக்கன் வந்து கேட்டா குடுத்துறாதீங்க. அதையாச்சும் செய்ங்க.”

மறுநாள் காலை சண்முகவடிவு மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் மலை ஏறினாள். முன்பள்ளிக்கு நேர் மேலே உள்ள சரிவில்தான் அன்றைக்குக் கொழுந்து. பிரியந்தி பிள்ளைகளுக்கு மழைப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் பாடினார்கள். அவளுடைய காது பாதையிலேயே இருந்தது. பனி விலகி வெயில் தெளிந்த நேரத்தில் மூக்கனும் அவனுடைய கூட்டாளிகள் இருவரும் பாதை வளைவில் தெரிந்தார்கள். பிரியந்தி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பலகைத் தடுப்புக்கு அப்பால் கைக்குழந்தை ஒன்று அழத் தொடங்கியது.

“டீச்சர், செல்லசாமி மவள அனுப்புங்க.”

“அவங்க அம்மா வந்தாத்தான் அனுப்புவேன்.”

“அம்மாவா?” மூக்கன் சிரித்தான். “அவள எதுக்கு? ஒங்கப்பன வரச் சொல்லு. அவன்தானே அந்த வீட்டுக்கு காவக்காரன்.” கூட்டாளிகளும் சிரித்தார்கள். கதவில் ஓர் உதை விழுந்தது. பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். நிலுக்ஷி எழுந்து வந்து அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டாள். பிரியந்தி அவளைத் தூக்கினாள். அந்தப் பிள்ளையை அவள் தூக்கியது அதுவே முதல் முறை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கால்கள் சில்லென்றிருந்தன.

இன்னோர் உதை. பழைய பலகை நடுவில் முனகியது.

அவள் பிள்ளையோடு சன்னல் பக்கம் நகர்ந்தாள். மேலே சரிவில் கொழுந்து எடுப்பது நின்றிருந்தது. பெண்கள் நிரைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்று கீழே பார்த்தார்கள். ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். சண்முகவடிவு கூடையை அவிழ்த்து எறிந்துவிட்டுச் செடிகளைப் பிளந்துகொண்டு இறங்கி வந்தாள். வழுக்கி விழுந்து எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் கூட்டமாக இறங்கத் தொடங்கினார்கள். வேடிக்கை பார்க்கவா, வேறெதற்காகவா, சொல்ல முடியவில்லை.

அவர்கள் எல்லோருக்கும் முன்னால், குறுக்குப் பாதையில், பாதி நிறைந்த கூடை முதுகில் குதிக்க, மீனம்மா வந்துகொண்டிருந்தாள். செடி மட்டம் பார்க்கும் நீண்ட கம்பை நடுவில் இறுகப் பிடித்திருந்தாள். வாயில் வெற்றிலை. மூக்கனையும் பார்க்கவில்லை, தனக்குப் பின்னால் விழுந்து எழுந்து வருகிறவளையும் பார்க்கவில்லை. கடைசி வடிகானை ஒரே எட்டில் தாண்டினாள். கம்பு அவளுடைய தலைக்கு மேல் உயர்ந்தது.